முழு ஸ்டுடியோவும் ஒரே தொகைக்கு அமைத்துத் தருவதாகச் சொல்பவரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் மின்னணு இசை செய்பவர்களைத் தேடிப்பிடித்து, சின்தசைசர், டிரம் மெஷின் போன்ற கருவிகளையும் கணினியில் இயங்கும் இசை மென்பொருளையும் இணைத்து ஒரே தொகைக்கு 'ஹைபிரிட் ஸ்டுடியோ' அமைத்துத் தருவதாகச் சொல்லும் ஒருவரிடம் நானும் என் நண்பரும் 3 லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து ஏமாற்றப்பட்டிருக்கிறோம். எங்கள் புகார் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் முன் இருப்பதால் அவருடைய பெயரை எழுதவில்லை. அவர் கையாண்ட முறையைத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் அதே முறையை வேறு எவரும் கையாளலாம்.

எங்கள் தேவையை எழுத்தில் கொடுத்திருந்தோம். பல்லடத்துக்கு அருகே ஒரு சிறிய அறையில், எங்கள் ஊர்ப் பக்கத்து ஜமாப் மேளக் குழுக்களின் அடிகளைப் பல மைக்குகளில் பதிவு செய்து, அவற்றோடு சின்தசைசர்களையும் டிரம் மெஷினையும் ஒரே தாளத்தில் ஓட்ட வேண்டும் என்பதே அது. அவர் தந்த விலைப்பட்டியலில் 16 உள்ளீடுகள், பல வழிகள் கொண்ட மிடி (இசைக்கருவிகளும் கணினியும் தாளம், ஸ்வரம் பற்றிய கட்டளைகளைப் பரிமாறும் முறை) இணைப்புப் பெட்டி, நல்ல நிலையிலுள்ள ரோலண்ட் ஜூனோ-106 சின்தசைசர், உரிமம் பெற்ற மென்பொருள் என்று எல்லாமே இருந்தன. ஆனால் ஜூனோவைத் தவிர எதற்கும் மாடல் பெயரில்லை, தனி விலையுமில்லை.

இந்த வகை ஸ்டுடியோவில் மோசடிக்கு இடம் கிடைப்பது பெட்டிகளுக்கு இடையில்தான். ஒலி தடுமாறினால் மடிக்கணினியைக் குறை சொல்லலாம். மடிக்கணினி சரியென்று தெரிந்தால் மென்பொருளையும், அதுவும் சரியென்றால் வீட்டு மின்சாரத்தையும் குறை சொல்லலாம். நாங்கள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவர் வேறொரு பெட்டியைக் கைகாட்டினார். எனவே ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்துச் சோதித்துத்தான் உண்மையை அறிய முடிந்தது.

முதலில் ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக், கருவிகளின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் பெட்டி. பெட்டியின் மேல் 18 உள்ளீடுகள் என்று அச்சிடப்பட்டிருந்தது உண்மைதான். ஆனால் அவற்றில் மைக் வயரைச் செருகக்கூடியவை 8 மட்டுமே. இன்னும் 8 அடாட் எனப்படும் ஒளியிழை வழியாக வருபவை, மீதி 2 எஸ்பிடிஃப் என்ற இன்னொரு டிஜிட்டல் இணைப்பு வழியாக வருபவை. அடாட் வழியைப் பயன்படுத்த வேண்டுமானால் மைக்கின் சன்னமான ஒலியைப் பெருக்கும் 8 பிரீஆம்ப் கொண்ட இன்னொரு பெட்டியைத் தனியாக வாங்க வேண்டும், அதுவும் 96 கிலோஹெர்ட்ஸில் (வினாடிக்கு 96 ஆயிரம் சாம்பிள்) பதிவு செய்தால் அந்த எட்டு நான்காகக் குறைந்துவிடும். 16 மைக்குகள் தேவை என்று எழுதிக்கொடுத்தவர்களுக்கு இதைக் கொடுத்துவிட்டு, கேட்டபோது "18 இருக்கிறதே" என்றார்.

அடுத்தது மிடி. பட்டியலில் இருந்த இணைப்புப் பெட்டிக்குப் பதிலாக, பெயரே இல்லாத யுஎஸ்பி மிடி கேபிள் ஒன்று வந்தது. டிரம் மெஷின் தாளத்தில் நிற்கவில்லை. மிடி கடிகாரம் தாளத்தின் ஒரு அடிக்கு 24 துடிப்புகளை அனுப்புகிறது. நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் இடையே ஏறத்தாழ 21 மில்லிவினாடி. இந்த இடைவெளி சீராக இல்லாவிட்டால் அடிகள் முன்னும் பின்னும் விழும். மென்பொருளின் பஃபர் (ஒலியைச் சற்றுச் சேர்த்துவைத்து அனுப்பும் இடைக்கிடங்கு) அளவைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பஃபர் தருவது மாறாத தாமதம். 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் என்றால் அது 5.3 மில்லிவினாடி, அதை ஈடுசெய்துகொள்ளலாம். எங்கள் பதிவிலோ ஒவ்வொரு அடியும் வெவ்வேறு அளவில் விலகியிருந்தது. டிரம் மெஷினைத் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓட்டிப் பதிவு செய்தபோது அடிகள் ஒழுங்காக விழுந்தன, ஈரோட்டு நண்பர் ஒருவரின் மிடி பெட்டியை இரவல் வாங்கி இணைத்தபோதும் ஒழுங்காக விழுந்தன. அந்தக் கேபிளைச் செருகினால் மட்டுமே குலைந்தன.

அதே கேபிள்தான் இரைச்சலுக்கும் காரணம். ஸ்பீக்கரில் ஓயாமல் 50 ஹெர்ட்ஸ் முழக்கம் கேட்டது. பக்கத்தில் விசைத்தறிகள் ஓடுவதால் லைன் சுத்தமாக இருக்காது என்று அவர் காரணம் சொன்னார். எங்கள் பகுதியில் யாரும் நம்பிவிடக்கூடிய காரணம் இது என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன். தறிகள் எல்லாம் நின்றிருந்த நாளிலும் முழக்கம் அப்படியே இருந்தது. சின்தசைசரின் மிடி அவுட்டில் செருகியிருந்த முனையை உருவியவுடன் அது நின்றுவிட்டது. 1983இல் வந்த மிடி தரநிர்ணயத்தின்படி, பெறும் பக்கத்தில் ஆப்டோகப்ளர் என்ற சிறு பாகம் இருந்து, ஒளியின் வழியாக மட்டுமே தகவலைக் கடத்தி, இரு கருவிகளின் எர்த்தும் ஒன்றோடொன்று சேராமல் தடுக்க வேண்டும். கேபிளைத் திறந்து பார்த்த மெக்கானிக் அந்தப் பாகமே உள்ளே இல்லை என்று காட்டினார். சின்தசைசரிலிருந்து இன்டர்ஃபேஸ், மடிக்கணினி, கேபிள் வழியாக மீண்டும் சின்தசைசருக்கு ஒரு வளையம் உண்டாகி, அதில்தான் முழக்கம் நுழைந்திருக்கிறது.

எனக்கு அதிக வேதனை தந்தது ஜூனோ-106 விஷயம். 1984இல் வெளிவந்த அந்தக் கருவியில் ஒரே நேரத்தில், ஒரு விசைக்கு ஒன்றாக, ஆறு குரல்கள் ஒலிக்கும். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு தனிச் சிப் உண்டு, அவற்றின் மேல் பூசப்பட்டிருக்கும் ரெசின் காலப்போக்கில் கெட்டு, குரல்கள் ஒவ்வொன்றாக மடிவது பழுதுபார்ப்பவர்கள் அனைவரும் அறிந்தது. எங்களுக்கு வந்த கருவியில் இரண்டு குரல்கள் செத்திருந்தன, மூன்றாவது கரகரத்தது. அவர் வாசித்துக் காட்டியபோது பாலி 1, பாலி 2 (Poly) ஆகிய இரு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தி யூனிசன் நிலையில் வைத்திருந்தார். அந்த நிலையில் ஒரே விசைக்கு ஆறு குரல்களும் ஒலிப்பதால், நான்கு மட்டும் ஒலித்தாலும் காதுக்குத் தெரியாது. ஒலியைத் தடிப்பாக்கும் கோரஸையும் போட்டிருந்ததால் அதன் சீறலில் கரகரப்பு மறைந்துவிட்டது. இந்தக் கருவியை யார் வாங்கினாலும், யூனிசனையும் கோரஸையும் நிறுத்திவிட்டு, ஆறு விசைகளை ஒவ்வொன்றாக அழுத்தி, எதையும் விடாமல் பிடித்துக்கொண்டு, ஆறும் ஒரே தன்மையில் ஒலிக்கின்றனவா என்று கேளுங்கள். பின்பக்க ஸ்டிக்கரையும் பாருங்கள். எங்கள் கருவி ஜப்பானில் விற்கப்பட்ட 100 வோல்ட் வகை, அந்த எண்ணின் மேல் வேறொரு ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள். நேராக நம் 230 வோல்ட்டில் செருகியிருந்தால் மின்பகுதி கருகியிருக்கும். நல்லவேளையாக, பல்லடத்தில் மோட்டார் ரீவைண்டிங் செய்யும் ஒரு பெரியவர் செருகுவதற்கு முன்பே அதைக் கவனித்துத் தடுத்தார், தக்க டிரான்ஸ்ஃபார்மரையும் அவரே சுற்றிக் கொடுத்தார்.

மென்பொருள் உரிமம் எங்கள் பெயரில் இல்லை, அவருடைய கணக்கில் இருந்தது. அதையே பலருக்கும் கொடுத்திருக்கிறார் என்பது, மாரியம்மன் நோம்பிக்கான பதிவின் நடுவே சேமிக்கும் வசதி முடங்கியபோதுதான் வெளிப்பட்டது. திரும்ப இயக்கித் தர அவர் மேலும் பணம் கேட்டார். தயாரித்த நிறுவனத்துக்கு எழுதினோம். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று பதில் வந்தது.

பணம் பெற்றதற்கு அவர் கொடுத்தது ஜிஎஸ்டி பில் அல்ல, 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட துண்டுச்சீட்டு. ஆனாலும் வங்கிப் பரிமாற்றமும் வாட்ஸ்அப் உரையாடலும் எங்களிடம் இருந்ததால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் சென்றோம். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விற்றவர் கோவையில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஸ்டுடியோ என்பது வணிகம், எனவே நாங்கள் நுகர்வோரே அல்ல என்று அவர் தரப்பில் வாதிடுகிறார்கள். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கம் என்று கொள்ளக்கூடாது என அதே சட்டம் சொல்கிறது, எங்கள் மனுவும் அதையே சார்ந்திருக்கிறது.

விசாரணை இன்னும் முடியவில்லை. இவரிடமோ இவரைப் போன்ற ஒருவரிடமோ முன்பணம் கொடுத்துவிட்டு மீதியைக் கொடுக்காமல் இருப்பவர்கள், முதலில் மென்பொருள் உரிமத்தை உங்கள் மின்னஞ்சலுக்கு மாற்றச் சொல்லுங்கள், ஒவ்வொரு கருவியின் மாடல் பெயரையும் வரிசை எண்ணையும் பில்லில் எழுதி வாங்குங்கள். அவை கைக்கு வரும்வரை மீதித் தொகையை அனுப்ப வேண்டாம்.