குடல் செய்யாததை நுண்ணுயிர் செய்கிறது: ‘எக்குவெல்’ மாத்திரை பற்றி

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் முகமும் கழுத்தும் திடீரெனக் கொதித்து, இரவில் வியர்வையில் நனைந்து விழித்தெழும் பெண்களுக்கு, சோயாவிலுள்ள ஐசோஃபிளேவோன் என்னும் தாவரச் சேர்மங்கள் நல்லவை என்று பலரும் சொல்வதுண்டு. ஜப்பானில் வசிக்கும் நானும் மலிவான சோயா ஐசோஃபிளேவோன் மாத்திரை ஒன்றை இரண்டு மாதம் தவறாமல் உட்கொண்டேன். எந்த மாற்றமும் தெரியவில்லை. அதற்குரிய காரணம் என் குடலிலேயே இருக்கலாம் என்பதைப் பின்னர் செய்துகொண்ட சிறுநீர்ப் பரிசோதனை உணர்த்தியது.

சோயாவிலுள்ள டைட்சீன் என்னும் ஐசோஃபிளேவோனைக் குடல் பாக்டீரியாக்கள் ஈகுவால் என்ற பொருளாக மாற்றுகின்றன. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போல, ஆனால் அதைவிட மென்மையாகச் செயல்படுவது அது. 1932இல் சினைக் குதிரையின் சிறுநீரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதால் குதிரையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தே அதற்குப் பெயரும் வந்தது. இம்மாற்றத்தைச் செய்யும் பாக்டீரியாக்கள் எல்லோரிடமும் இருப்பதில்லை. ஜப்பானியரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கும், மேற்கத்தியரில் இன்னும் அதிகமானோருக்கும் ஈகுவால் உருவாவதில்லை. என் உடலிலும் அது உருவாகவில்லை என்பதே பரிசோதனையின் முடிவு.

ஒட்சுகா மருந்து நிறுவனம் 2014இல் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த எக்குவெல், இந்தக் குறையைக் குடலுக்கு வெளியிலேயே நிரப்புகிறது. ஐசோஃபிளேவோன் செறிந்த சோயா முளைக்கருவை, மனிதக் குடலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட லாக்டோகாக்கஸ் 20-92 என்னும் பாக்டீரியாவைக் கொண்டு நொதிக்கச் செய்கிறார்கள். டைட்சீனுடன் பிணைந்திருக்கும் சர்க்கரை மூலக்கூறு நீங்கி டைட்சீன் வெளிப்பட்டதும், அப்பாக்டீரியாவின் மூன்று நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயல்பட்டு அதை ஈகுவாலாக்குகின்றன. ஈகுவாலுக்கு ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்ற இரு வடிவங்கள் உண்டு. குடலில் இயற்கையாக உருவாகும் வடிவம் மட்டுமே இம்முறையில் கிடைப்பதை நான் இதன் பெரிய சிறப்பாகக் கருதுகிறேன். நாளொன்றுக்கு நான்கு மாத்திரைகள், அவற்றில் 10 மில்லிகிராம் ஈகுவால்.

இந்த அளவைத்தான் ஆய்விலும் கொடுத்தார்கள். ஈகுவால் உருவாகாத 160 ஜப்பானியப் பெண்களைக் கொண்டு 12 வாரங்கள் நடத்தப்பட்டு 2012இல் வெளியான அந்த ஆய்வில், உடல் தகிப்பு நாளொன்றுக்குச் சராசரியாக 1.9 முறை குறைந்தது. ஒப்பீட்டுக்காகக் கொடுக்கப்பட்ட, ஈகுவால் இல்லாத போலி மாத்திரையை உட்கொண்டவர்களிடமும் 1.0 முறை குறைந்தது. இரண்டாவது எண்ணை மறைத்துவிட்டு முதல் எண்ணை மட்டும் சொல்வது நேர்மையாகாது. பலன் உண்மையானது, ஆனால் அளவானது.

எக்குவெல் உட்கொண்ட என் அனுபவமும் அதையே ஒத்திருந்தது. முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாதத்தின் நடுவில் இரவு வியர்வை குறைந்து, இடையில் எழாமல் தூங்க முடிந்தது. பகல் நேரத் தகிப்பு முற்றிலும் நிற்கவில்லை. இம்மாற்றம் முழுவதும் மாத்திரையால்தான் வந்தது என்று என்னால் உறுதியிட்டுக் கூற இயலாது.

112 மாத்திரைகள் கொண்ட ஒரு பொதி 28 நாட்களுக்கே வருவதால், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் செலவு சிறியதன்று. ஆகவே முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஈகுவால் தாமே உருவாகும் உடல்வாகு உடையவர்களுக்கு சோயா உணவுகளான டோஃபுவும், நொதித்த சோயாவான நாட்டோவுமே போதுமானவையாக இருக்கலாம். ஜப்பானின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2006இல், அன்றாட உணவுக்கு மேல் கூடுதலாக உட்கொள்ளும் ஐசோஃபிளேவோனுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் என வரம்பிட்டிருப்பதால், எக்குவெல்லுடன் வேறு ஐசோஃபிளேவோன் மாத்திரையைச் சேர்த்து உட்கொள்ள வேண்டாம். சோயா ஒவ்வாமை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தவிர்க்க வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் தம் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது.