கேட்கும் நேரத்து மின்செலவு: மூன்று சிறுதிறன் ரிக்குகள்

மாலைதோறும் மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் அமெச்சூர் (ஹாம்) வானொலியின் 40 மீட்டர் அலைவரிசையில் மோர்ஸ் கேட்பது என் வழக்கம். அதற்காக ரிக் எனப்படும், அனுப்பவும் கேட்கவும் உதவும் வானொலிக் கருவிகளில் ஆறு ஆண்டுகள் யாயெசு எஃப்டி-817என்டி-யையும், அதன்பின் இரண்டு ஆண்டுகளாக எலெக்ராஃப்ட் கேஎக்ஸ்2-ஐயும் பயன்படுத்தி வருகிறேன். ஐகாம் ஐசி-705 நண்பருடையது. சில மாலைகளே என் கையில் இருந்தது என்பதால், அதைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பும் திறனைப் பற்றிப் பேச அதிகமில்லை. 817 தருவது 5 வாட், மற்ற இரண்டும் 10 வாட் வரை. இரட்டிப்புத் திறன் என்பது 3 டெசிபெல், அதாவது எதிர்முனையில் சிக்னல் வலிமையைக் காட்டும் அளவுகோலில் அரை எஸ் அலகு. ஆன்டெனாக் கம்பியைச் சற்று உயர்த்திக் கட்டினாலே அதை ஈடுகட்டிவிடலாம்.

என் முடிவைத் தீர்மானித்தது கேட்கும்போது ரிக் இழுக்கும் மின்னோட்டம்தான். சிறுதிறனில் இயங்குபவர் அனுப்புவது சில நிமிடங்கள், மீதி நேரமெல்லாம் கேட்பதுதான். விவரக்குறிப்பின்படி 817 கேட்கும்போது ஏறத்தாழ 450 மில்லிஆம்பியர் இழுக்கிறது. கேஎக்ஸ்2-க்கு 135 போதும். யுபிஎஸ்-களில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியைப் பாதிக்குமேல் வடியவிடாமல் பயன்படுத்தினால், முதலாவது எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஓடும், இரண்டாவது இருபத்தைந்து மணி நேரம் ஓடும். அனுப்பும் நேரத்தைக் கழித்தாலும், வாரம் ஒருமுறை பேட்டரியைக் கீழே தூக்கிச் சென்று சார்ஜ் போட்ட வேலை, மாதம் ஒருமுறை அல்லது இருமுறை என்றாகிவிட்டது. கேஎக்ஸ்2-க்குள்ளேயே 2.6 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியைப் பொருத்திக்கொள்ளவும் முடியும் என்பதால், பல மாலைகளில் அந்தப் பெரிய பேட்டரி மாடிக்கு வருவதே இல்லை.

நெரிசலான நேரத்தில் 817-இல் மோர்ஸ் கேட்க, பக்கத்துச் சிக்னல்களை வடிகட்டும் 500 ஹெர்ட்ஸ் ஃபில்ட்டரைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். கேஎக்ஸ்2-இல் அலைப்பட்டையைக் குமிழ் திருப்பியே ஒடுக்கிக்கொள்ளலாம். ஐசி-705-இன் 4.3 அங்குலத் தொடுதிரையில் ஓடும் வாட்டர்ஃபால் (அலைவரிசையில் உள்ள சிக்னல்களின் படம்) உண்மையிலேயே மனதைக் கவர்ந்தது: யார் எங்கே அழைக்கிறார்கள் என்பது கண்ணுக்கே தெரிந்துவிடுகிறது. ஆனால் ஆன்டெனாவை ரிக்குக்கு இசைவாக்கும் ட்யூனர் அதற்குள் இல்லை. காதால் தேடிப் பழகிய எனக்குத் திரையும் அவசியமாகத் தோன்றவில்லை.

கேஎக்ஸ்2-இல் இல்லாதவையும் உண்டு. அது 80 முதல் 10 மீட்டர் வரை மட்டுமே இயங்கும். 817-இல் 160 மீட்டர், 6 மீட்டர், 2 மீட்டர், 70 சென்டிமீட்டர் எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கும். செயற்கைக்கோள் வழியாகப் பேச விரும்புபவருக்கு இவற்றில் கடைசி இரண்டும் தேவைப்படும் என்பதால், என் பரிந்துரை தலைகீழாகிவிடும். 2018-இல் வந்த, 817-இன் வாரிசான 818-இன் உற்பத்தியும் 2022 இறுதியில் நிறுத்தப்பட்டுவிட்டதால், இந்த இரண்டில் ஒன்று வேண்டுமென்றால் அவர் பழைய ரிக்கைத்தான் தேட வேண்டியிருக்கும்.

அதனால் என் 817-ஐ நான் விற்கவில்லை. வீட்டுக்குள் அலமாரியில் உட்கார்ந்து 2 மீட்டர் ரிப்பீட்டரை (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது, சுவர் மின்சாரத்தில்.