கோடையில் ஸ்னோடிராப் கிழங்கு வாங்குவோர் கவனத்திற்கு

குளிர்கால இறுதியில் பூக்கும் சிறு வெள்ளைப் பூவான ஸ்னோடிராப்பின் தனிப்பெயரிட்ட வகைகளைச் சேர்ப்பவர்கள், கோடைக்காலத்தில் இணைய ஏலத்தில் உறங்குநிலைக் கிழங்காக விற்கப்படுபவற்றை முன்பின் அறியாத தனிநபரிடமிருந்து வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதற்காக இதை எழுதுகிறேன். கடந்த ஜூலையில் ஒரே விற்பனையாளரிடம் மூன்று கிழங்குகள் வாங்கினேன். அவற்றில் இரண்டு, சீட்டில் எழுதியிருந்த வகை அல்ல என்பது ஜனவரியில் சந்தேகத்திற்கு இடமின்றித் தெரிந்துவிட்டது. மூன்றாவது, எந்த வகை என்று யாரும் சொல்ல முடியாத அளவுக்குச் சிறியது. இங்கிலாந்தில் தோட்டம் வைத்திருக்கும் நம்மவர்களில் சிலரும் இந்தப் பூவின் பக்கம் திரும்பியிருப்பதால், நடந்ததைத் தமிழிலேயே விரிவாகப் பதிவு செய்கிறேன்.

கேலந்தஸ் என்னும் இந்தப் பேரினத்தில் இயற்கையான இனங்கள் ஏறத்தாழ இருபதுதான். ஆனால் ஆர்வலர்கள் பெயரிட்டு வளர்க்கும் வகைகள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. உள்ளிதழில் உள்ள பச்சைக் குறியின் வடிவம், வெளியிதழ் நீண்டிருக்கிறதா குறுகியிருக்கிறதா, சூலகம் பச்சையா மஞ்சளா என்பவற்றை வைத்தே ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிக்கிறார்கள். ஒரு பச்சைப் பொட்டு கூடினால் ஒரு பெயர், குறைந்தால் இன்னொரு பெயர் என்று போகும் இந்த வழக்கத்தில் பாதி தேவையற்றது என்பது என் கருத்து. ஆனாலும் உண்மையிலேயே தனித்து நிற்கும் சில வகைகள் உண்டு, அவற்றுக்குத்தான் விலையும் ஏறுகிறது. 2011-ல் ‘இ. ஏ. பவுல்ஸ்’ வகையின் ஒரே கிழங்கு 357 பவுண்டுக்கும், அடுத்த ஆண்டு மஞ்சள் நிற ‘எலிசபெத் ஹாரிசன்’ 725 பவுண்டுக்கும் ஏலம் போயின. 2015-ல் ‘கோல்டன் ஃபிளீஸ்’ 1,390 பவுண்டையும், 2022-ல் ‘கோல்டன் டியர்ஸ்’ 1,850 பவுண்டையும் தொட்டன. புதிதாக வந்தபோது எட்டாத விலையில் இருந்தவை, பெருகப் பெருக நம் கைக்கு எட்டும் விலைக்கு இறங்கிவிடுகின்றன. ஏமாற்றுவோர் குறிவைப்பதும் இந்த இறங்கிய கட்டத்தைத்தான், ஏனென்றால் ஆயிரம் பவுண்டு கொடுப்பவர் ஆயிரம் கேள்வி கேட்பார், ஐம்பது பவுண்டு கொடுப்பவர் கேட்பதில்லை.

நான் வாங்கியவை ‘வெண்டிஸ் கோல்ட்’, ‘இ. ஏ. பவுல்ஸ்’, ‘ட்ரிம்’ ஆகிய மூன்று. முதலாவது கேம்பிரிட்ஜுக்கு அருகில் உள்ள வாண்டில்பரியில் கண்டெடுக்கப்பட்டு, அந்த இடத்தின் காவலருடைய மனைவியின் பெயரைப் பெற்றது. குறியும் சூலகமும் பச்சைக்குப் பதில் மஞ்சளாக இருக்கும். இரண்டாவது, இந்தப் பூவின் மீது தீராத பற்றுக் கொண்டிருந்த தோட்டக்கலைஞர் பவுல்ஸ் (1865–1954) வாழ்ந்த என்ஃபீல்டு மிடில்டன் ஹவுஸ் தோட்டத்தில், அவர் காலத்திற்கு வெகு பின்னால் கிடைத்தது. அதன் ஆறு இதழ்களும் ஒரே நீளத்தில், பச்சைக் குறியே இல்லாமல் தூய வெள்ளையாக இருக்கும். மூன்றாவது பிரிஸ்டலின் வெஸ்ட்பரி-ஆன்-ட்ரிம் பகுதியைச் சேர்ந்தது. இதில் கவனிக்க வேண்டியது, மூன்றும் கேலந்தஸ் பிளிகேட்டஸ் என்ற ஒரே இனத்தின் வகைகள் என்பது. என் சந்தேகத்தைத் தீர்த்து வைத்தது அந்த ஒரு செய்திதான்.

விளம்பரம் பார்ப்பதற்கு ஒழுங்காகவே இருந்தது. பெயர்கள் பிழையின்றி எழுதப்பட்டிருந்தன, படங்கள் தெளிவாக இருந்தன, ‘பூக்கும் பருவத்துக் கிழங்கு’ என்ற உறுதியும் இருந்தது. வந்த பொட்டலத்தில் மரத்தூளுக்குள் மூன்று சிறு பைகள், ஒவ்வொன்றிலும் பென்சிலால் எழுதிய சீட்டு. உறங்கும் ஸ்னோடிராப் கிழங்குகளை அருகருகே வைத்தால் எது எந்த வகை என்று தேர்ந்த வளர்ப்பாளராலும் சொல்ல இயலாது. பழுப்புத் தோல் போர்த்திய சிறு வெங்காயம் போலத்தான் எல்லாமே இருக்கும். ‘ட்ரிம்’ என்று வந்தது மட்டும் பட்டாணி அளவே இருந்தது. கிழங்கைச் செதில் செதிலாக அறுத்துப் பெருக்கும் முறையில் உண்டாகும் இத்தகைய குட்டிகள் பூப்பதற்கு மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும் என்பதால், அது என்ன என்ற கேள்வியே அத்தனை காலத்துக்குத் தள்ளிப்போகிறது. உடனே எழுதிக் கேட்டேன். இந்த வகையின் கிழங்கே சிறியது என்று பதில் வந்தது, அது உண்மையல்ல.

ஜனவரியில் இலைகள் மண்ணைப் பிளந்துகொண்டு வந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. ஸ்னோடிராப் இனங்களைப் பிரித்தறிய முதலில் பார்க்க வேண்டியது பூவை அல்ல, இளம் இலைகள் அடியில் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதைத்தான். பொதுவான நிவாலிஸ் இனத்தில் இரண்டு இலைகளும் தட்டையாக ஒன்றையொன்று தொட்டு நிற்கும். எல்வெசி இனத்தில் ஓர் இலை மற்றொன்றை அடியில் சுற்றித் தழுவியிருக்கும். பிளிகேட்டஸில் இலையின் இரு ஓரங்களும் பின்பக்கமாக மடிந்திருக்கும். விரலால் தடவினாலே அந்த மடிப்பு தட்டுப்படும், இலை விரிந்த பிறகும் ஓரங்களில் அதன் தடம் கோடாகத் தெரியும். கலப்பினங்களில் இந்த அடையாளங்கள் கலந்து வருவதுண்டு, ஆனால் நான் வாங்கியவை கலப்பினங்கள் அல்ல. ‘பவுல்ஸ்’ தொட்டியில் வந்தது அகன்ற, சாம்பல் பூத்த இலை. ஒன்று மற்றதை இறுகச் சுற்றியிருந்தது. ‘வெண்டிஸ் கோல்ட்’ தொட்டியில் வந்தது மெல்லிய, தட்டையான இலை. இரண்டிலும் மடிப்பு இல்லை. பிப்ரவரியில் ‘பவுல்ஸ்’ தொட்டியில் இருந்தது, உள்ளிதழின் நுனியிலும் அடியிலும் பச்சைக் குறியோடு சாதாரண எல்வெசியாகப் பூத்தது. இலையுதிர் காலத்தில் கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கும் கிழங்குக்கும் அதற்கும் நான் எந்த வேறுபாட்டையும் காணவில்லை. ‘வெண்டிஸ் கோல்ட்’ தொட்டியில் இருந்தது, இந்த நாட்டின் எந்தத் தேவாலய வளாகத்திலும் கூட்டங்கூட்டமாகக் காணக்கூடிய பச்சைக் குறி நிவாலிஸ்.

விற்பனையாளரின் பதில்களை இங்கே குறிப்பிடுவது அவசியம், ஏனென்றால் அவை முழுப் பொய்கள் அல்ல. இடம் மாற்றிய முதல் ஆண்டில் பூ இயல்பு மாறி வரலாம் என்றார். அது சில சமயம் நடப்பதுதான். மஞ்சள் வகைகள் வெளிச்சம் போதாவிட்டால் பச்சையோடும் என்றார். அதிலும் உண்மை உண்டு, அடுக்கிதழ் கொண்ட ‘லேடி எல்ஃபின்ஸ்டோன்’ இடம் மாற்றினால் ஓரிரு ஆண்டுகள் பச்சையாகவே பூத்துப் பிறகு மஞ்சளுக்குத் திரும்புவது ஆர்வலர்கள் அனைவரும் அறிந்தது. இன்னும் ஓர் ஆண்டு பொறுங்கள் என்பதுதான் இவற்றின் முடிவான சாரம். ஆனால் வெளிச்சம் குறைந்ததால் ஓர் இனம் வேறோர் இனமாகிவிடாது. இலைகளின் அடிப்பகுதியைப் படமெடுத்து, இவை பிளிகேட்டஸ் அல்ல என்று எழுதியபோது, பெயர் ‘பதிவு செய்யப்பட்டது’ என்று ஒரு வரியில் பதில் வந்தது. இதைக் கேட்டு மயங்க வேண்டாம். நெதர்லாந்தின் அரச குமிழ்க்கிழங்கு வளர்ப்போர் சங்கம் ஸ்னோடிராப் பெயர்களுக்கான பன்னாட்டுப் பதிவு அமைப்பாக இருக்கிறது என்பது சரிதான். ஆனால் அங்கே பதிவது கட்டாயமில்லை, பதிவாவதும் பெயர் மட்டுமே; உங்கள் கையில் உள்ள கிழங்கு அந்தப் பெயருக்குரியதுதான் என்று எந்த அமைப்பும் சான்றளிப்பதில்லை. ‘மைட்டி ஆட்டம்’ என்ற ஒரே பெயரில் வெவ்வேறு செடிகள் நல்லெண்ணத்துடனேயே கைமாறி வருகின்றன என்றால், கெட்ட எண்ணம் உள்ளவருக்கு எவ்வளவு வசதி என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த மோசடியின் உயிர்நாடி நாள்காட்டியில் இருக்கிறது. நான் பணம் செலுத்திய சேவையில் முறையிடுவதற்கான அவகாசம் 180 நாள். ஜூலைத் தொடக்கத்தில் செலுத்திய பணத்துக்கு அது டிசம்பர் இறுதியிலேயே முடிந்துவிடுகிறது, அதாவது இலை வருவதற்கு முன்பே. ஏலத் தளத்தின் உத்தரவாதம் அதற்கும் வெகு முன்னால் முடிகிறது. கடன் அட்டையில் வாங்கினால் 1974-ம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ம் பிரிவு காப்பாற்றும் என்று நினைப்போர் உண்டு. அதற்கு ஒரு தனிப் பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் இருக்க வேண்டும், என் மூன்று கிழங்குகளும் சேர்ந்தே அந்தத் தொகையைத் தாண்டின. 2015-ம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் வணிகரிடம் வாங்கியவற்றுக்கே பொருந்தும். இவரோ ஒரே பருவத்தில் ஏராளமான கிழங்குகளை விற்றுவிட்டுத் தன்னைத் தனிநபர் என்கிறார். ஆதாயத்துக்காகத் தொடர்ந்து விற்பவர் அப்படிச் சொல்லிக்கொள்வதாலேயே தனிநபர் ஆகிவிடுவதில்லை, ஆனால் அதை நிறுவும் சுமை நம் தலையில் விழுகிறது. தனிநபரே ஆனாலும், விற்ற பொருள் சொன்ன விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது 1979-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். அதைச் சுட்டிக்காட்டி, சிறு தொகைக்கான வழக்கு தொடுப்பதற்கு முந்தைய அறிவிப்புக் கடிதத்தைப் பொட்டலத்தில் இருந்த முகவரிக்கு அனுப்பினேன். விளக்கம் எதுவும் இல்லாமல் ஒரு கிழங்கின் விலை மட்டும் திரும்பி வந்தது. மீதியைக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

வாங்கியே தீர வேண்டும் என்றால் பிப்ரவரியில், பூவோடோ பச்சை இலையோடோ இருக்கும்போது வாங்குங்கள். மிடில்டன் ஹவுஸில் ஜனவரி இறுதியை ஒட்டி நடக்கும் ஸ்னோடிராப் விற்பனை நாளிலும், குளோஸ்டர்ஷையரின் கோல்ஸ்போர்ன் பூங்காவிலும் செடியைக் கண்ணால் பார்த்து, இலையைத் திருப்பிப் பார்த்து வாங்கலாம். 1874-ல் துருக்கியில் எல்வெசியைக் கண்டறிந்த ஹென்றி ஜான் எல்வெஸின் தோட்டம் அது என்பதால் போய்ப் பார்ப்பதற்கும் தகும். இணையத்தில்தான் வாங்க முடியும் என்றால், வாங்குவதற்கு முன் இலை அடிப்பகுதியின் படத்தையும், அன்றைய தேதியிட்ட சீட்டோடு எடுத்த படத்தையும் கேளுங்கள். தர மறுப்பவரை விட்டு விலகுங்கள். இலையின் நுனி செம்பழுப்பாகக் கருகியிருந்தால் அது பூஞ்சை நோயாக இருக்கலாம், தோட்டத்தில் உள்ள மற்றவற்றுக்கும் பரவும். ஐரோப்பாவிலிருந்து ஆவணம் ஏதுமின்றி அனுப்புகிறேன் என்பவர்களிடமும் எச்சரிக்கை தேவை: கேலந்தஸ் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் (CITES) கீழ் வருவதாலும், பிரிட்டனுக்குள் வரும் செடிகளுக்கு நலச்சான்று வேண்டியிருப்பதாலும், அப்படி வரும் கிழங்கு எல்லையிலேயே பறிமுதலாகக்கூடும்.

விற்பனையாளரின் பெயரை இங்கே எழுதவில்லை; கணக்கின் பெயரை அவர் ஏற்கெனவே மாற்றிவிட்டார், எனவே எழுதியும் பயனில்லை. படத்தை மட்டும் நினைவில் வையுங்கள். ‘பவுல்ஸ்’ என்று அவர் காட்டிய பூவின் ஓர் இதழ் நுனியை நத்தை கடித்திருக்கிறது. பின்னால் இடது மூலையில் உடைந்த கற்பலகைச் சீட்டு ஒன்று சாய்ந்து நிற்கிறது. அந்தப் படம் ஒரு பழைய தோட்டக் குறிப்பிலிருந்து எடுத்தது என்பதைப் படத் தேடலில் எளிதாகக் கண்டுபிடிக்கலாம். இந்த ஜூனில் அதே படம் வேறொரு கணக்கில், வேறொரு வகையின் பெயரோடு மீண்டும் வந்திருக்கிறது.