கார் கதவுப் பூட்டின் உள்மோட்டார்: தனியாக விற்கும் உதிரிப்பாகம் பற்றிய மதிப்புரை

ரிமோட்டை அழுத்தியதும் மற்றக் கதவுகள் பூட்டிக்கொள்ள, ஒரு கதவு மட்டும் மெல்ல முனகிவிட்டுப் பூட்டாமல் நிற்பது, சென்ட்ரல் லாக்கிங் உள்ள பழைய கார்களில் அடிக்கடி வரும் பழுது. பட்டறைக்குக் கொண்டுபோனால் பூட்டுத் தொகுதியையே மாற்றிவிடச் சொல்வார்கள். அவர்கள் பக்கம் அது நியாயமும்கூட. தொகுதியைக் கழற்றி மாட்ட எவ்வளவு நேரமாகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம், பிரித்துப் பழுதுபார்க்க எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தொகுதிக்குள் கெட்டுப்போயிருப்பது பல சமயம் கட்டைவிரல் பருமனுள்ள ஒரு டிசி மோட்டார் மட்டுமே. அந்த மோட்டாரைத் தனி உதிரிப்பாகமாகவும் விற்கிறார்கள். அதை வாங்கிப் பொருத்திய அனுபவத்தை வைத்து, அது எவருக்குப் பயன்படும், எங்கே காலை வாரும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

இந்த மோட்டாரின் வேலை மிகச் சுருக்கமானது. பூட்டும்போது 12 வோல்ட் மின்சாரம் ஒரு வினாடிக்கும் குறைவான நேரம் அதற்குள் பாய்கிறது. திறக்கும்போது நேர்முனையும் எதிர்முனையும் இடம் மாற, மோட்டார் எதிர்த்திசையில் சுழல்கிறது. தண்டின் முனையிலுள்ள வார்ம் எனப்படும் திருகு வடிவப் பல்லிணை ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரத்தைத் திருப்ப, அது பூட்டின் நெம்பை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளுகிறது. நெம்பு எல்லையில் போய் முட்டியதும் மோட்டார் சுழல வழியின்றி நின்றுவிடும். அந்தக் கணத்தில்தான் அதற்குள் மின்னோட்டம் மிக அதிகமாக இருக்கும். ஒவ்வொரு பூட்டலிலும் திறப்பிலும் இப்படி முட்டி நின்று, சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்து, அதன் துகள் பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரில் படிந்து, மோட்டார் வலுவிழக்கிறது. இதனோடு, பல மோட்டார்களின் பின்மூடிக்குள் சூடேறினால் மின்தடை உயரும் ஒரு சிறு பாதுகாப்பு வில்லை இருக்கிறது. பலமுறை சூடேறிய பிறகு அதன் மின்தடை பழைய அளவுக்கு முழுமையாக இறங்குவதில்லை. காலையில் பூட்டும் கதவு நண்பகல் வெயிலில் பூட்ட மறுப்பதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம்.

அந்த வில்லையை ஒரு துண்டுக் கம்பியால் தாண்டிவிட்டால் பழைய மோட்டாரே மீண்டும் ஓடும் என்று சொல்பவர்கள் உண்டு. ஓடும் என்பது உண்மைதான். ஆனால் மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் மின்சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டு மின்சாரம் நிற்காமல் பாயும் நாளில், மோட்டாரைக் கருகாமல் காக்க அதற்குள் இருந்த ஒரே பொருளை நாமே நீக்கியிருப்போம். புது மோட்டார் கிடைக்கும்போது அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்குவதற்கு முன் பழுது மோட்டாரில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்வது அவசியம். எல்லாக் கதவுகளும் ஒன்றாக நின்றுபோனால் முதலில் ஃப்யூஸையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் பார்க்க வேண்டும். மோட்டார்கள் அனைத்தும் ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. ஒரு கதவு மட்டும் என்றால், உள்பக்க டோர் பேடைக் கழற்றி, மோட்டாருக்குச் செல்லும் இரு வயர்களுக்கு நடுவே மல்டிமீட்டரையோ சோதனை விளக்கையோ வைத்து, இன்னொருவரைப் பூட்டும் பொத்தானை அழுத்தச் சொல்ல வேண்டும். மின்சாரம் வருகிறது, மோட்டார் அசையவில்லை என்றால் பழுது மோட்டாரிலோ பல்சக்கரத்திலோ இருக்கிறது. மின்சாரமே வரவில்லை என்றால், கதவுக்கும் காரின் உடலுக்கும் இடையே கீல் பக்கம் உள்ள ரப்பர் உறைக்குள் வயர் ஒடிந்திருக்க வாய்ப்பு அதிகம். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அங்கே வயர் மடங்கி நிமிர்கிறது. ஓட்டுநர் கதவில் இது முதலில் வருவதில் வியப்பில்லை. ரப்பர் உறையை உருவிப் பார்க்காமல் மோட்டாரை வாங்குவது வீண்செலவாக முடியலாம். கதவு மூடியிருந்தும் உள்விளக்கு அணையாமல் இருந்தால் அது வேறு கதை: பெரும்பாலும் பூட்டுக்குள் இருக்கும் சிறு சுவிட்ச் கெட்டிருக்கும். அதற்கு மோட்டாரை மட்டும் மாற்றிப் பயனில்லை.

இனிப் பொருளுக்கு வருகிறேன். கதவுப் பூட்டுகளில் பரவலாகக் காணப்படுவது ஜப்பானிய நிறுவனமான மபூச்சியின் எஃப்சி-280 வரிசை மோட்டார். இரு பக்கங்கள் தட்டையாகவும் மற்ற இரண்டு வளைவாகவும் உள்ள உலோக உடல், 2 மி.மீ. விட்டமுள்ள தண்டு, இந்த வடிவத்தையே பின்பற்றி வேறு பல தயாரிப்பாளர்களும் செய்கிறார்கள். உடல் அளவு பொருந்துவதில் சிக்கல் வருவது அரிது. சிக்கல் தண்டின் நீளத்தில் இருக்கிறது. ஒரே வரிசைப் பெயரில், பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் மோட்டார்கள் வெவ்வேறு தண்டு நீளங்களில் வருகின்றன. தண்டு குட்டையாக இருந்தால் வார்ம் பல்சக்கரத்தின் நடுவில் அமராது. நீளமாக இருந்தால் மூடி மூடாது. ஆகவே பழைய மோட்டாரை வெளியே எடுத்து, உடலின் முகப்பிலிருந்து தண்டின் நுனிவரை அளந்த பிறகே வாங்க வேண்டும். காரின் பெயரைச் சொல்லி வாங்குவது இந்தப் பொருளுக்குப் போதாது.

வார்ம் பொருத்தப்படாமல் வரும் மோட்டார்களே அதிகம். பழைய தண்டிலிருந்து வார்மை உருவ, ரேடியோவால் இயக்கும் பொம்மைக் கார் ஆர்வலர்கள் பயன்படுத்தும் சிறிய புல்லர் சரியாக உதவும். குறடால் பிடித்து இழுத்தால் பற்கள் நசுங்கும். புதிய தண்டில் அதை அழுத்தி ஏற்றும்போது மோட்டாரின் பின்பக்கத்தில் தெரியும் தண்டு முனைக்குத் தாங்கல் கொடுக்க வேண்டுமே தவிர, பிளாஸ்டிக் பின்மூடிக்கு அல்ல. மூடியில் விசை போனால் பிரஷ்கள் இடம் பெயர்ந்து, புது மோட்டார் ஓடும் முன்பே கெட்டுவிடும். மின் இணைப்பு இதைவிட எளிது. பல தொகுதிகளில் சால்டரிங் தேவையே இல்லை; தொகுதியிலுள்ள தகடுகள் பின்மூடியின் பிளவுகளில் நேரே சொருகிக்கொள்ளும். முனைகள் மாறினால் பூட்டச் சொல்லும்போது திறக்கும், அவ்வளவுதான்.

நேரத்தை எல்லாம் விழுங்குவது தொகுதியைப் பிரிக்கும் வேலை. திருகுகளால் மூடிய தொகுதி என்றால் மகிழ்ச்சி. ஓரங்களை உருக்கி ஒட்டியிருந்தால் மெல்லிய அரத்தாலோ சூடான கத்தியாலோ தையலைத் தொடர்ந்து அறுத்து, பின்பு பசையிட்டு மூட வேண்டும்; மழைநீர் வழியும் இடம் என்பதால் அந்த மூடல் அரைகுறையாக இருக்கக் கூடாது. திறக்கும்போது சக்கரங்களும் ஸ்பிரிங்கும் இருந்த நிலையை முதலிலேயே படமெடுத்துக்கொள்வது நல்லது. பிளாஸ்டிக்குக்கு ஏற்ற கிரீஸைப் பற்களில் சிறிதளவு தடவினால் போதும். சுவிட்ச் இருக்கும் பக்கம் அது போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கதவில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான உணரியோ வயரோ இருக்கும் கார்களில், வேலை தொடங்கும் முன் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

எல்லாம் மாட்டிய பின் கதவை மூடிச் சோதிக்கும் ஆசையை அடக்க வேண்டும். கதவு திறந்திருக்கும்போதே பூட்டின் கொக்கியை ஸ்குரூடிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவந்து, ரிமோட்டாலும் சாவியாலும் உள்கைப்பிடியாலும் பலமுறை பூட்டித் திறந்து பார்த்த பிறகே கதவை மூடலாம். மூடிய கதவில் பூட்டு சிக்கிக்கொண்டால், டோர் பேடைக் கழற்றும் திருகுகளே கைக்கு எட்டாமல் போகும். டோர் பேடுக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் தாளையும் பழையபடி ஒட்டிவிட வேண்டும். அதை விட்டுவிட்டால் கதவுக்குள் இறங்கும் மழைநீர் காருக்குள் வரும்.

மாற்று வழிகள் இரண்டு. முழுத் தொகுதி விலை அதிகம், ஆனால் சுவிட்ச், பல்சக்கரம், மோட்டார் மூன்றும் புதிதாக வருவதால், பல்லும் தேய்ந்துவிட்ட பழைய பூட்டுக்கு அதுவே சரி. துப்பாக்கி வடிவில் வரும் பொதுவான ஆக்சுவேட்டர், அதாவது பூட்டின் கம்பியை வெளியிலிருந்து இழுத்துத் தள்ளும் மோட்டார் பெட்டி, மலிவானது. இரண்டு வயர் வகை கட்டளையை ஏற்று இயங்க மட்டும் செய்யும், ஐந்து வயர் வகைக்குள் சுவிட்சும் இருப்பதால் அது மற்றக் கதவுகளுக்குக் கட்டளை அனுப்பவும் செய்யும். பூட்டின் கம்பி வெளியே தெரியும் பழைய வகைக் கதவுகளுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. மோட்டாரும் கொக்கியும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய புதிய பூட்டுகளில் அதை இணைக்கக் கம்பியே இல்லை. உள்ளிருந்தும் திறக்க முடியாதபடி இரட்டைப் பூட்டு போடும் கார்களில் ஒரே தொகுதிக்குள் இரண்டு மோட்டார்கள் இருப்பதும் உண்டு. அங்கே எது கெட்டது என்று பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது.

ஓட்டத்தில் இந்த மோட்டாரிடம் நான் குறை காணவில்லை. கதவு பூட்டும் ஓசை மற்றக் கதவுகளின் ஓசையோடு சேர்ந்துகொண்டது, வெயிலிலும் தயங்கவில்லை. பொறுமையும் சிறு கருவிகளும் உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம். கதவைப் பிரித்தே பழக்கமில்லாதவர்கள் முழுத் தொகுதியைப் பட்டறையில் மாற்றிக்கொள்வது நல்லது. விற்பவர்கள்மீது எனக்குள்ள குறை ஒன்றுதான்: உறையில் வோல்ட் அளவையும் பொருந்தும் கார்களின் நீண்ட பட்டியலையும் அச்சிடுகிறவர்கள், தண்டின் நீளத்தை மட்டும் எங்கும் குறிப்பிடுவதில்லை.