அலாஸ்கா குரூஸ்: சியாட்டிலில் ஏறுவதா, வான்கூவரில் ஏறுவதா?

ஏழு இரவு அலாஸ்கா கப்பல் பயணம் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கும் சுற்று. அடுத்தது கனடாவின் வான்கூவரில் ஏறி வான்கூவரில் இறங்குவது. மூன்றாவது ஒருவழி: வான்கூவரில் ஏறி, ஆங்கரேஜ் பக்கத்திலுள்ள விட்டியரிலோ சூவர்டிலோ இறங்குவது, அல்லது அங்கே ஏறி இங்கே இறங்குவது. விளம்பரப் படத்தில் மூன்றுக்கும் ஒரே பனியாறு, ஒரே திமிங்கில வால். ஆனால் மூன்றும் வேறு வேறு சரக்கு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அலாஸ்காவைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் ஒருவழிப் பயணம். அமெரிக்காவுக்குள்ளிருந்து குடும்பத்தோடு, விமானச் செலவை அடக்கிப் போய்வர வேண்டும் என்றால் சியாட்டில். விசா கையில் இருந்து, கடல் குலுக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வான்கூவர் சுற்று. சியாட்டிலுக்கு ஏன் இத்தனை கப்பல் போகிறது என்பது புரிந்தால், எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதும் புரியும்.

எல்லாம் 1886-ல் அமெரிக்கா போட்ட ஒரு பயணிகள் கப்பல் சட்டத்தில் தொடங்குகிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய ஆளை இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிட முடியாது. அலாஸ்கா போகும் பெரிய கப்பல்களில் பறப்பது பஹாமாஸ், பெர்முடா, பனாமா போன்ற வெளிநாட்டுக் கொடிகள்தான். இந்தத் தடை இல்லாமல் ஓட வேண்டுமென்றால் அமெரிக்காவில் கட்டி, அமெரிக்கக் கொடி பறக்கவிட்டு, அமெரிக்க மாலுமிகளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இன்று அமெரிக்கக் கொடியோடு ஓடும் பெரிய கப்பல் ஹவாயில் சுற்றும் ‘ப்ரைட் ஆஃப் அமெரிக்கா’ ஒன்றே. ஏறிய துறைமுகத்திலேயே இறங்குவது என்றாலும், நடுவே ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். சியாட்டில் கப்பல்களின் அட்டவணையில் கடைசி இரவு கனடாவின் விக்டோரியா என்று ஒன்று இருப்பது இதற்காகத்தான். 2021-ல் கொரோனாவுக்காகக் கனடா தன் துறைமுகங்களை மூடியபோது, இந்த நிபந்தனையைத் தற்காலிகமாகத் தளர்த்த அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

விக்டோரியா நல்ல ஊர். ஆனால் கப்பல் அங்கே போய்ச் சேருவதே மாலை ஆறு, ஏழு, சில நாள் எட்டு மணிக்கு, நள்ளிரவையொட்டி கிளம்பிவிடும். ஓக்டன் பாயின்ட் துறையிலிருந்து உள் துறைமுகத்துக்கு அரை மணி நடை. புட்சார்ட் தோட்டம் ஊரிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். ஜூனில் வெளிச்சம் நீண்டிருக்கும், ஓடிப் பார்த்துவிடலாம். செப்டம்பரில் அந்தச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டினால் இருட்டில் பூச்செடியைத் தடவிப் பார்த்துவிட்டு வரலாம். அட்டவணையில் ‘நான்கு துறைமுகங்கள்’ என்று போட்டிருந்தால் மூன்று என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

சியாட்டிலில் கப்பல் நிறுவனங்களுக்குக் கிடைக்கும் லாபம் வெளிப்படை. அமெரிக்காவின் எந்த ஊரிலிருந்தும் உள்நாட்டு விமானத்தில் வந்துவிடலாம். இதைவிடப் பெரிய தூண்டில் ஒன்று உண்டு: ஏறிய இடத்திலேயே இறங்கும் பயணத்துக்கு அமெரிக்கக் குடிமக்களுக்குப் பாஸ்போர்ட்டே வேண்டாம், பிறப்புச் சான்றும் புகைப்பட அடையாள அட்டையும் போதும். நான்கு பேர் குடும்பத்துக்கு இது பல நூறு டாலர் மிச்சம். அறை நிரம்பினால்தான் மதுவும் சூதாட்டமும் சுற்றுலாவும் விற்கும். வான்கூவர் பல்லாண்டுகள் கட்டி ஆண்ட தொழிலை 2000-க்குப் பின் வந்த சியாட்டில் முந்தியது இப்படித்தான்.

சரி, பயணிக்கு என்ன நட்டம்? தூரம். வான்கூவரிலிருந்து அலாஸ்காவின் கெச்சிகன் சுமார் 540 கடல் மைல். சியாட்டிலிலிருந்து 650-க்கு மேல். ஜூனோ என்றால் சியாட்டிலிலிருந்து சுமார் 900. மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் போனாலும் 45 மணி நேரம். வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கலாமே என்றால், கப்பலுக்கு வேகம் கொஞ்சம் கூடினாலும் எரிபொருள் அதைவிடப் பல மடங்கு கூடும். இயந்திரத் திறன் ஏறக்குறைய வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. போதாததற்கு, வட அமெரிக்கக் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை கந்தகம் 0.1 சதவீதத்துக்கு மேற்படாத எரிபொருள் வேண்டும், அல்லது புகைபோக்கியில் சுத்திகரிப்புக் கருவி இருக்க வேண்டும் என்பது 2015 முதல் விதி. ஆகவே நிறுவனம் மிச்சம் பிடிப்பது துறைமுகத்தில் நிற்கும் நேரத்தில். கெச்சிகனில் காலை ஏழு முதல் பகல் ஒரு மணி வரை என்று பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அதில் இறங்க அரை மணி, ஏற அரை மணி கழித்துவிடுங்கள்.

பாதையும் வேறு. சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் ஹுவான் டி ஃபூகா நீரிணை வழியாக வெளியேறி, வான்கூவர் தீவின் மேற்கே திறந்த பசிபிக்கில் போகின்றன. முதல் முழு நாள் கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர்தான். மே முதல் வாரத்திலும் செப்டம்பரிலும் அலை நன்றாகவே தூக்கும். வாந்தி வருபவர்கள் நடுத்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை எடுப்பது நல்லது. முன்கோடி அறை மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு.

வான்கூவர் கப்பல்கள் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே, இன்சைட் பாசேஜ் என்ற உள்வழியில் போகும். தண்ணீர் குளம் மாதிரி இருக்கும், இரண்டு பக்கமும் மலை. ஆனால் அந்த வழியில் செய்மோர் நேரோஸ் என்ற இடுக்கு இருக்கிறது. அங்கே ஓதம் ஏறி இறங்கும்போது நீரோட்டம் மணிக்கு 15 கடல் மைல் வேகம் வரை போகும். நடுவில் இருந்த ரிப்பிள் ராக் என்ற பாறை பல கப்பல்களை விழுங்கியதால், 1958 ஏப்ரலில் அதன் அடியில் சுரங்கம் தோண்டி 1,200 டன்னுக்கு மேல் வெடிமருந்து வைத்து அதன் தலையைத் தகர்த்தார்கள். இப்போதும் பெரிய கப்பல்கள் நீரோட்டம் தணியும் நேரம் பார்த்தே அதைக் கடக்கின்றன. வான்கூவரிலிருந்து ஒரு வாரம் நான்கரைக்கும் அடுத்த வாரம் வேறு நேரத்துக்கும் கப்பல் கிளம்புவதற்கு இந்த ஓத அட்டவணையும் ஒரு காரணம். உள்வழி முழுக்க பிரிட்டிஷ் கொலம்பியா பைலட்டும் (நீர்வழி காட்டும் மாலுமி) கட்டாயம். அது தனிச் செலவு. கூடவே, வான்கூவர் துறைக்குள் வர லயன்ஸ் கேட் பாலத்தின் அடியில் நுழைய வேண்டும். இடைவெளி 61 மீட்டர். நீச்சல்குளத்துக்கு மேல் சறுக்கு, அதற்கு மேல் கண்ணாடிக் கூண்டு என்று உயரும் இன்றைய கப்பல்களுக்கு அது இறுக்கம். சியாட்டிலில் பாலமே இல்லை.

முனையங்களைப் பார்ப்போம். சியாட்டிலில் இரண்டு: நகர மையத்தை ஒட்டிய பியர் 66-ல் ஒரு கப்பல் நிற்கும், வடக்கே தள்ளியிருக்கும் பியர் 91-ல் இரண்டு. டாக்சிக்காரரிடம் ‘குரூஸ் டெர்மினல்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், எண்ணைச் சொல்லுங்கள். விமான நிலையத்திலிருந்து லிங்க் ரயிலில் வெஸ்ட்லேக் வரை வந்து பியர் 66-க்குப் பெட்டியை உருட்டிக்கொண்டே இறங்கிவிடலாம். சரிவு செங்குத்து, திரும்பும்போது ஏற வேண்டும். பியர் 91-க்கு ரயில் கிடையாது.

வான்கூவரில் கனடா பிளேஸ். எக்ஸ்போ 86 கண்காட்சிக்காகக் கட்டிய வெள்ளைப் பாய்மரக் கூரைக் கட்டடம். கனடா லைன் ரயில் விமான நிலையத்திலிருந்து 25 நிமிடத்தில் வாட்டர்ஃபிரன்ட் நிலையத்தில் இறக்கிவிடும், பக்கத்திலேயே முனையம். இந்த வசதிக்குச் சியாட்டில் கிட்டவே வராது. ஆனால் அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனையை இந்தக் கட்டடத்துக்குள்ளேயே முடித்துவிடுகிறார்கள். ஒரே நாளில் மூன்று கப்பல் நின்றால் வரிசை நிலவறையில் பாம்பாக வளையும். பகல் 11 முதல் 1 மணி வரை உச்சம். கப்பலில் மதியச் சாப்பாடு போய்விடுமே என்று எல்லோரும் முன்னதாக வருவதால் வரும் நெரிசல் அது. நகரத்தில் சாப்பிட்டுவிட்டு, நிறுவனம் கொடுத்த நேரத்தின் கடைசிப் பகுதியில் போனால் கால் வலிக்காது.

இனிப் பனியாறு. கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பலுக்கு மேல் அனுமதி இல்லை. அந்த அனுமதிகளில் பெரும்பங்கு ஹாலந்து அமெரிக்கா, பிரின்சஸ் என்ற இரண்டு கப்பல் நிறுவனங்களிடம். நார்வீஜியன் நிறுவனத்துக்கும் கொஞ்சம் உண்டு. காலையில் பூங்காக் காவலர்கள் படகில் வந்து கப்பலில் ஏறி ஒலிபெருக்கியில் விளக்குவார்கள். வாயிலிலிருந்து மார்ஜரி பனியாறு வரை சுமார் நூறு கிலோமீட்டர் உள்ளே போய், அதன் முன்னால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்று, கப்பலை மெல்லத் திருப்பி இருபக்க பால்கனிக்கும் காட்டுவார்கள். நாள் முழுவதும் இதற்கே போகும். அனுமதி இல்லாத நிறுவனங்கள் ஹப்பார்ட் பனியாற்றுக்கோ எண்டிகாட் ஆர்ம் என்ற குறுகிய கடற்கிளைக்கோ போகின்றன. சியாட்டில் அட்டவணைகளில் எண்டிகாட் ஆர்ம் விடியற்காலையில் வந்து, அதே பகலில் ஜூனோவும் வரும். மிதக்கும் பனிக்கட்டி நிறைய இருந்தால், குறிப்பாக மே, ஜூனில், பனியாற்றுக்குப் பல கிலோமீட்டர் முன்னாலேயே திரும்பிவிடுவார்கள். பணம் திரும்பாது. முன்பதிவு செய்யும்போது ‘பனியாற்றுக் காட்சி’ என்ற பொதுச்சொல் போதாது. எந்தப் பனியாறு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று பாருங்கள்.

நடுவில் வரும் ஊர்களைத் தீர்மானிப்பதும் அழகல்ல, நிறுவனங்கள் அங்கே வைத்திருக்கும் சொத்துதான். கெச்சிகன் என்று போட்டுவிட்டு, ஊருக்கு வடக்கே சுமார் 11 கிலோமீட்டர் தள்ளி, பழைய காகிதக்கூழ் ஆலை இருந்த வார்டு கோவ் என்ற இடத்தில் நார்வீஜியன் கப்பல்கள் நிற்கின்றன. அந்தத் துறையில் நிறுவனத்துக்கே பங்கு உண்டு. பேருந்து இலவசம், ஆனால் வரிசை இலவசமில்லாத நேரத்தைத் தின்னும். ஸ்காக்வேயில் 1900-ல் கட்டி முடித்த வைட் பாஸ் மலை ரயிலை 2018-ல் வாங்கிய கூட்டில் கார்னிவல் குழுமம் இருந்தது. அதே குழுமத்தின் பிரின்சஸும் ஹாலந்து அமெரிக்காவும் அலாஸ்காவின் உள்நாட்டிலுள்ள டெனாலி மலைப் பக்கம் விடுதிகள் நடத்துகின்றன. கண்ணாடிக் கூரை ரயில் பெட்டிகளும் உண்டு. அந்த விடுதிகளை நிரப்ப ஆள் வேண்டும். அதனால்தான் ஒருவழிப் பயணத்தில் இவ்விருவரும் விடாப்பிடியாக நிற்கிறார்கள். அந்த வியாபாரத்துக்கு வான்கூவர்தான் பொருந்தும்: அது வெளிநாட்டுத் துறைமுகம் என்பதால் 1886-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே வராது.

ஜூனோவும் இப்போது கதவைக் கொஞ்சம் சாத்திவிட்டது. சுமார் 32,000 பேர் வாழும் ஊருக்கு 2023-ல் பதினாறு லட்சத்துக்கு மேற்பட்ட கப்பல் பயணிகள் வந்தார்கள். 2024 முதல் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்தான். 2026 முதல் கப்பல்களின் படுக்கைக் கணக்கிலும் ஒரு நாள் வரம்பு, வாரநாளும் ஞாயிறும் 16,000, சனி 12,000. சிட்காவும் ஐசி ஸ்ட்ரெயிட் பாயின்ட்டும் அட்டவணைகளில் தலைகாட்டுவதில் இந்த நெருக்கடிக்கும் பங்கு உண்டு. இதில் பயணிக்கு லாபமே. ஹூனா பழங்குடி நிறுவனம் நடத்தும் ஐசி ஸ்ட்ரெயிட் பாயின்ட்டில் திமிங்கிலம் பார்க்கப் படகில் அதிக தூரம் போக வேண்டியதில்லை.

ஒருவழிப் பயணத்தின் குறை, முடியும் இடம். விட்டியரிலிருந்து ஆங்கரேஜ் சுமார் 100 கிலோமீட்டர்தான். ஆனால் நடுவே நாலு கிலோமீட்டர் நீளச் சுரங்கம். ஒற்றை வழி, ரயிலும் காரும் அதே தடத்தில், முறைவைத்துத் திறப்பார்கள். முறை தவறினால் காத்திருக்க வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்கு முன் விமானம் போட வேண்டாம். வடக்கு நோக்கிப் போகும்போது பெருநிலம் வலப்பக்கம் வரும். பால்கனிக்குக் கூடுதல் காசு கொடுப்பதாக இருந்தால் வலப்பக்கமாக எடுங்கள். சுற்றுப் பயணத்தில் பக்கம் பார்த்துப் பயனில்லை.

விசா விஷயத்தில் ஏமாறுபவர்கள் நிறைய. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு எந்த வழியிலும் இரண்டு நாட்டு விசாவும் வேண்டும். ‘விக்டோரியாவில் இறங்கவே மாட்டோம்’ என்பது செல்லாது. கனடா விசா இல்லையென்றால் சியாட்டிலிலேயே ஏற்ற மறுப்பார்கள். கிரீன் கார்டு இருந்தால் பாஸ்போர்ட்டோடு அதைக் காட்டினால் போதும், கனடா விசா தேவையில்லை. டொராண்டோ பக்கத்துத் தமிழர்களில் கனடாக் குடியுரிமை பெற்றவர்களுக்குக் கவலையில்லை; நிரந்தர வதிவிடம் மட்டும் உள்ளவர்களுக்கு அமெரிக்க விசா வேண்டும்.

கப்பல் போகும் அதே நாளில் விமானம் போடாதீர்கள். விமானம் தாமதமாகி சியாட்டில் கப்பலைத் தவறவிட்டால், கெச்சிகனுக்குப் பறந்து ஏறிக்கொள்ளலாம் என்று தோன்றும். அப்படி ஏறினால் கெச்சிகனில் ஏறி சியாட்டிலில் இறங்குபவர் ஆகிவிடுவீர்கள். இரண்டும் அமெரிக்கத் துறைமுகம், விக்டோரியாவைத் தொடுவது அதற்கு ஈடாகாது. நிறுவனம் மறுக்கும், அல்லது தலைக்கு விதிக்கப்படும் அபராதத்தை உங்கள் கணக்கில் எழுதும். வான்கூவர் சுற்றைத் தவறவிட்டவர் கெச்சிகனில் ஏறச் சட்டத்தில் தடையில்லை, இறங்குவது கனடாவில்தானே. வான்கூவர்–விட்டியர் ஒருவழி என்றால் மறுபடி சிக்கல். சியாட்டிலிலிருந்து வான்கூவர் வரும் குறும்பயணத்தையும், அதே கப்பலில் தொடரும் விட்டியர் பயணத்தையும் சேர்த்துப் பதிவு செய்ய முயல்பவர்களும் இதே சுவரில்தான் முட்டுகிறார்கள். வேறு கப்பலுக்கு மாறினால் பிரச்சினையில்லை.