வின்டர்வாட்ச்: நான்கு குளிர்கால இரவுகள்

இங்கிலாந்தில் செவிலியராக வேலை பார்க்கும் என் மகளின் வீட்டில் 2024 ஜனவரியில் தங்கியிருந்தபோது, பிபிசி 2 அலைவரிசையில் நான்கு இரவுகள் அடுத்தடுத்து வந்த வின்டர்வாட்ச் என்னும் காட்டுயிர் நிகழ்ச்சியை ஒரு நிமிடமும் விடாமல் பார்த்தேன். பேறுகாலத்துக்கும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் அங்கே போய்வரும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பெற்றோர் பலர், மாலை நாலரை மணிக்கே இருட்டிவிடுகிற அந்த மாதத்தில் நேரத்தைப் போக்க வழியின்றி ஜன்னல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்ததாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். முதலில் அவர்களை எண்ணியே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

வசந்த காலத்துக்கென்று 2005-இல் தொடங்கிய ஸ்பிரிங்வாட்ச் நிகழ்ச்சியின் குளிர்காலத் தங்கையாக, வின்டர்வாட்ச் 2012 முதல் குளிர்காலந்தோறும் வருகிறது. கிறிஸ் பேக்கம், மிக்கேலா ஸ்ட்ரக்கன் ஆகிய இருவரும் தொகுத்து வழங்குகிறார்கள். நான் பார்த்த ஆண்டில் அதன் களம் தென் இங்கிலாந்தின் டார்செட்டில், பூல் துறைமுகத்தின் கழிமுகத்தை ஒட்டியிருக்கும் ஆர்ன் என்னும் பறவைக் காப்பகமாக இருந்தது. துறைமுகம் என்றவுடன் பெரிய கப்பல்களும் பளுதூக்கிகளும் நினைவுக்கு வர வேண்டாம். அலையேற்றம் வடிந்ததும் மைல் கணக்கில் சேறு வெளிப்பட்டு, அந்தச் சேற்றில் அவோசெட் என்னும் மேல்நோக்கி வளைந்த அலகுடைய பறவைகளும் கரண்டிவாயன்களும் மேய்கிற, நம் மணக்குடிக் காயலைப் பல மடங்கு பெரிதாக்கியது போன்ற இடம் அது.

நிகழ்ச்சி இரவு எட்டு மணிக்கு நேரலையாகத் தொடங்குகிறது. அந்நேரத்தில் வெளியே கும்மிருட்டு என்பதால், பகலில் எடுத்த காட்சிகளைத் தொகுத்துக் காட்டுவதோடு, காட்டுக்குள் மறைத்துவைத்த அகச்சிவப்புக் கேமராக்களையும், உடல் வெப்பத்தைக் கொண்டே உயிர்களைக் கண்டறியும் வெப்பக் கேமராக்களையும் நம்பியே அது நகர்கிறது. முதல் இரவில் எனக்கு இது குறையாகவே பட்டது. இரண்டாம் இரவில் எண்ணம் மாறிவிட்டது. ஒரு பெரிய யானைக் கூட்டத்தையோ சிங்க வேட்டையையோ காட்டி வியக்கவைப்பது எளிது. பட்டுப்போன சருகுகளுக்கிடையே ஒரு சுண்டெலி ஒவ்வொரு கொட்டையாகச் சுமந்து போவதை, அது இந்தக் கணத்தில் இருபது கல் தொலைவில் நடந்துகொண்டிருக்கிறது என்ற உணர்வோடு காணும்போது கண்ணை எடுக்க முடியவில்லை.

குளிர்காலம் ஒரு சிறு உடலுக்கு என்ன செய்யும் என்பதுதான் இந்த நான்கு இரவுகளின் உண்மையான பொருள். ரென் என்று அவர்கள் அழைக்கும் பழுப்புநிறப் பறவை ஏறத்தாழ பத்து கிராம் எடைகூட இல்லாதது; பகலெல்லாம் சண்டையிட்டுத் தன் எல்லையைக் காக்கும் அது, உறைபனி இரவில் பகையை மறந்து தன் இனத்தோடு நெருக்கியடித்து உறங்குகிறது. 1969 குளிர்காலத்தில் நார்ஃபோக்கில் ஒரே கூட்டுப் பெட்டிக்குள் 61 ரென்கள் இருந்ததாகப் பதிவு உண்டு. வெப்பக் கேமராவில் உறங்கும் பறவைகள் கருங்கிளையில் ஒட்டிய வெளிச்சத் துளிகளாகத் தெரிந்தபோது, மார்கழி விடியலில் ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டாலே குளிர் போதும் போதும் என்று சொல்லும் எனக்கு, அந்தச் சிற்றுயிர்களின் மேல் பெரும் மதிப்பு ஏற்பட்டது.

நான் மிகவும் போற்றும் பகுதி, வருணனையும் இசையும் முழுவதுமாக நின்றுவிடும் அந்தச் சில கணங்கள். ஒரு நிமிடத்துக்கும் மேலாக நாணல் அசைவதும் நீர் ஒழுகுவதும் ஏதோ ஒரு பறவை அழைப்பதும் மட்டுமே கேட்கும். ஊரில் நான் பார்க்கும் ஒரு தமிழ் மொழிமாற்ற அலைவரிசையில் மான் தண்ணீர் குடித்தாலும் முரசு அறைகிறார்கள். பறவை சிறகை விரிப்பதற்குள் மூன்று வாக்கியம் பேசிவிடுகிறார்கள். அதைவிட வருத்தம் தருவது பெயர்கள். தேரூர் குளத்தங்கரையில் நிற்கும் எந்தக் குழந்தையும் கூழைக்கடா என்று சுட்டிக்காட்டும் பறவையை அவர்கள் பெலிகன் என்றே சொல்லி முடிக்கிறார்கள். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, மீசை ஆலா, பவளக்கால் உள்ளான் என்று கேட்டவுடன் பறவை கண்முன் நிற்கும்படியான பெயர்கள் நம்மிடம் இருக்க, அவற்றை ஒருமுறைகூட உச்சரிக்காமல் ஒரு மணி நேரத்தை நிரப்புவது தமிழ்ப் பார்வையாளருக்குச் செய்யும் நியாயம் அன்று.

மூன்றாம் நாள் பகலில் மகள் தன் கைப்பேசியில் ஆர்ன் சேற்றுநிலத்தின் படங்களைத் தேடிக் காட்டினாள். நீண்ட நேரான அலகும் செம்பழுப்புக் கழுத்துமாக ஒரு கூட்டம். "அம்மா, இது நம்ம குளத்துல நிக்கிறதுல்லா?" என்றாள். கருவால் மூக்கன்தான். ஐஸ்லாந்தில் குஞ்சு பொரித்தவை குளிருக்குத் தப்பிப் பிரிட்டனின் கழிமுகங்களுக்கு வருகின்றன. நம் பக்கம் வருபவையோ ஆசியாவின் வடபுலப் புல்வெளிகளிலிருந்து மத்திய ஆசிய வான்வழியில் பறந்து தெற்கே இறங்குகின்றன. ஒரே இனம், இரண்டு வேறு வலசைகள். அவளுக்கு அந்தக் கடுங்குளிர் தேசத்தில் சொந்த ஊர்க்காரர் ஒருவரைச் சந்தித்த மகிழ்ச்சி. அன்றிரவு பணி முடிந்து களைத்து வந்தும் எனக்குப் பக்கத்தில் அமர்ந்து கடைசிவரை பார்த்தாள்.

தொகுப்பாளர்களின் கலகலப்பான சொல்விளையாட்டுகள் எனக்குப் பாதிக்கு மேல் விளங்கவில்லை. ஆங்கில வசன வரிகளை இயக்கிக்கொண்ட பிறகு பெருமளவு பின்தொடர முடிந்தது. ஸ்பிரிங்வாட்ச் மூன்று வாரம் நீள, குளிர்காலத்துக்கு நான்கே இரவுகள் என்பது மனநிறைவு தரவில்லை. நான்காம் இரவு முடிந்த மறுநாள், சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சியை வெறுமனே போட்டுப் பார்த்துவிட்டு அணைத்தேன்.

அங்கே நேரலையாகவோ ஐபிளேயர் என்னும் பிபிசியின் இணையச் சேவை வழியாகவோ பார்க்க வீட்டுக்குத் தொலைக்காட்சி உரிமம் இருக்க வேண்டும். அப்போது ஆண்டுக்கட்டணம் 159 பவுண்டு. பிள்ளைகளின் வீட்டில் உரிமம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஜனவரிக் கடைசி வாரத்தில் அங்குள்ள அரச பறவைப் பாதுகாப்புச் சங்கம் 1979 முதல் நடத்திவரும் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பிலும் கலந்துகொள்ளலாம். ஒரு மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணினால் போதும். நான்கு இரவுகள் பழகிய கண்ணுக்கு அது நல்ல தொடர்ச்சி. நம் மாநிலத்தில் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கு அந்த ஆண்டு நான் ஊரில் இல்லாத குறையும் எனக்கு அதனால் சற்றுத் தீர்ந்தது.

இந்தியாவிலிருந்து ஐபிளேயரைப் பார்க்க இயலாது. ஆகவே ஊர் திரும்பிய பிறகு எனக்கு அந்த நிகழ்ச்சி இல்லை. ஆனால் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவில் இருக்கிறது. பிப்ரவரிக் கடைசியில், கும்பப்பூ நெல் அறுவடைக்குக் காத்திருந்த வயல்களின் ஓரமாகக் குளத்துக்கரையில் நின்று, பேசாமல், கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, அந்நிகழ்ச்சியில் செய்வதைப் போலவே ஒன்றரை நிமிடம் கேட்டுப் பார்த்தேன். நெடுஞ்சாலையில் போன பேருந்தின் ஒலிக்கு அடியில், கருவால் மூக்கன்கள் சேற்றில் அலகை இறக்கி ஏற்றும் மெல்லிய சளசளப்பு கேட்டது.