பழைய ஃபைபர் படகைப் புதுப்பிக்க எபாக்சியா, பாலியஸ்டரா?

பழைய ஃபைபர் படகை முதன்முதலாக வாங்கியவர்கள் பெரும்பாலும் ரெசினை, அதாவது கண்ணாடி இழைத் துணியை நனைத்து இறுகவைக்கும் பிசினைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். எபாக்சி வாங்குவதா, பாலியஸ்டர் வாங்குவதா? இந்தக் கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்ல முடியாது. படகின் மேல் கடைசியாக வரப்போகும் பூச்சு எது என்று தெரிந்தால்தான், அடியில் எந்த ரெசின் வேண்டும் என்று சொல்லலாம். ஜெல்கோட் என்ற தடித்த வெளிப்பூச்சா, பெயிண்டா என்று முடிவு செய்யாமல் ரெசின் டப்பாவைத் திறப்பவர்கள் பாதி வேலையில் திகைத்து நிற்கிறார்கள்.

ஒன்றின் மேல் ஒன்று ஒட்டும் விதம்தான் காரணம். ஏறக்குறைய எல்லாப் பழைய ஃபைபர் படகுகளும் பாலியஸ்டர் ரெசினில் செய்தவை. அவற்றின் மேல் எபாக்சி மிக நன்றாகப் பிடிக்கும். ஆனால் இறுகிய எபாக்சியின் மேல் பாலியஸ்டரை நம்பிப் பூச முடியாது. பிடிப்பு குறையும், சில நேரம் எபாக்சியைத் தொடும் இடத்தில் முழுதாக இறுகாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். ஜெல்கோட் என்பதும் நிறமி சேர்த்த பாலியஸ்டர்தான். ஆகவே இது ஒருவழிப் பாதை. எபாக்சிக்குப் போனவர் பெயிண்டுக்குப் போகலாம், ஜெல்கோட்டுக்குத் திரும்புவது கடினம்.

பாலியஸ்டரைக் குறைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அது நியாயமில்லை. விலை குறைவு, வேகமாக இறுகும், அடுக்கின் மேல் அடுக்காக ஒரே நாளில் வேலையை நகர்த்தலாம். இறுகத் தூண்டும் கேட்டலிஸ்ட்டை 1 முதல் 2 சதவீதத்துக்குள் கூட்டிக் குறைத்து, அன்றைய வெயிலுக்கு ஏற்ப இறுகும் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். சாதாரண மேட் விரிப்பும் அதற்காகவே செய்யப்பட்டது. அந்த விரிப்பில் இழைத் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை, பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். அதே மேட்டை எபாக்சியில் நனைத்தால் பசை கரையாது, விரிப்பு விறைப்பாகவே நிற்கும், வளைவுகளில் படியாது. எபாக்சிக்கு நெய்த துணியோ தையலிட்ட துணியோ வாங்க வேண்டும். ரெசினை மட்டும் மாற்றிவிட்டுத் துணியை மாற்றாமல் விடுவது புதியவர்களிடம் அடிக்கடி காணும் குழப்பம்.

பாலியஸ்டரின் பலவீனம் ஒட்டுவதில் இருக்கிறது. தொழிற்சாலையில் ஈர அடுக்கின் மேல் ஈர அடுக்காகப் போட்டபோது எல்லாம் சேர்ந்து ஒரே பொருளாக இறுகியது. பல ஆண்டுகள் ஆன படகுடலின் மேல் நீங்கள் போடும் புதிய அடுக்கு அப்படி ஒன்றாகாது. சொரசொரப்பைப் பற்றிக்கொண்டு மட்டுமே நிற்கும். போதாததற்கு இறுகும்போது எபாக்சியைவிடக் கூடுதலாகச் சுருங்குவதால் ஒட்டுமுகத்தில் இழுவையும் ஏற்படும். மரத்தின் மேல் பாலியஸ்டரின் பிடிப்பு இன்னும் குறைவு. பழைய படகுகளில் பிளைவுட்டிலிருந்து ஃபைபர் தோல் முழுத் தகடாக உரிந்து வருவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

எபாக்சி இந்த இரண்டிலும் வெல்கிறது. ஆனால் அதற்கென்று சில கண்டிப்புகள் உண்டு. எபாக்சியோடு கலந்து அதை இறுகவைக்கும் ஹார்ட்னரின் விகிதம் தயாரிப்பாளர் சொன்னது சொன்னபடி இருக்க வேண்டும். 5:1 என்றால் 5:1, 2:1 என்றால் 2:1. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டினால் இறுகாத மெழுகுபோன்ற பரப்புதான் கிடைக்கும். வேகம் வேண்டுமென்றால் வேக ஹார்ட்னர், அவகாசம் வேண்டுமென்றால் மெதுவான ஹார்ட்னர் என்று தனித்தனியே விற்பதை வாங்க வேண்டும். கலந்த எபாக்சியை ஆழமான டப்பாவில் வைத்திருந்தால் தன் சூட்டிலேயே புகைந்து கெட்டியாகிவிடும்; அகலமான தட்டில் ஊற்றினால் கைக்கு நேரம் கிடைக்கும். பல வகை எபாக்சிகளில் இறுகிய பின் மேற்பரப்பில் வழுவழுப்பான படலம் படியும். அதை முதலில் தண்ணீர் தொட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பிறகுதான் உப்புத்தாள் போட வேண்டும். கழுவாமல் தேய்த்தால் படலம் பரப்புக்குள் தேய்ந்து இறங்கி, அடுத்த அடுக்கின் பிடிப்பைக் கெடுக்கும்.

உடல்நலக் கணக்கில் இரண்டும் சமம் என்று சொல்ல மாட்டேன், ஆபத்துகள் வேறு வேறு. பாலியஸ்டரில் ஸ்டைரீன் ஆவி. அதற்குக் கரிம ஆவியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகக்கவசம் வேண்டும், துணி முகமூடி போதாது. அதன் கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். எபாக்சியில் வாடை குறைவு என்பதால் கையுறை இல்லாமல் வேலை செய்யத் தோன்றும். தோலில் அடிக்கடி பட்டால் ஒவ்வாமை வரும்; வந்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் எபாக்சியைத் தொட முடியாமல் போகலாம்.

எந்த ரெசினானாலும் ஓட்டையை அடைக்கும் முறை ஒன்றுதான், அதில் சுருக்குவழி கிடையாது. முதலில் படகின் பரப்பில் படிந்திருக்கும் மெழுகை அசிட்டோனால் துடைத்தெடுங்கள். தேய்த்த பிறகு துடைத்தால் மெழுகு ஏற்கெனவே கீறல்களுக்குள் போயிருக்கும். பிறகு ஓட்டையின் விளிம்பைச் சுற்றிச் சரிவாகத் தேய்க்க வேண்டும். உடலின் தடிமனைப்போல் 12 மடங்கு என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. 6 மி.மீ. தடிமனுள்ள உடலில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை என்றாலும், சுற்றிலும் 72 மி.மீ. அகலத்துக்குச் சரிவு வரும். கிரைண்டர் நகர நகரப் பழைய துணி அடுக்குகள் ஒவ்வொன்றும் வளையமாக வெளிப்படும். வளையங்கள் ஒரே சீரான அகலத்தில் தெரிந்தால் சரிவு சரியாக இருக்கிறது என்று பொருள். சின்ன ஓட்டைக்கு இவ்வளவு பெரிய வட்டமா என்று பதறிப் பாதியில் நிறுத்துபவர்களின் ஒட்டுதான் முதலில் கழன்று வரும்.

என் தீர்ப்பு இது. சுமையைத் தாங்கும் இடங்கள், மரத்தைத் தொடும் இடங்கள், யார் கண்ணிலும் படாத உள்பக்கம் எல்லாவற்றுக்கும் எபாக்சி. உடலின் வெளிப்பக்கத்தில் ஆழமில்லாத காயம், மேலே ஜெல்கோட்தான் வரப்போகிறது என்றால் பாலியஸ்டர். இரண்டுக்கும் நடுவே வினைல் எஸ்டர் என்ற இன்னொரு ரெசின் இருக்கிறது. பிடிப்பிலும் நீர் தாங்குவதிலும் பாலியஸ்டரைவிட மேல், அதன் மேல் ஜெல்கோட்டும் நிற்கும். ஆனால் டப்பாவில் நீண்ட நாள் தாங்காது. வார இறுதிகளில் மட்டும் வேலை செய்யும் புதியவருக்கு அது பொருந்துவது அரிது.

ரெசினைவிடப் பெரிய முடிவு பின்பலகையில் காத்திருக்கிறது. எஞ்சின் தொங்கும் அந்தச் சுவரின் இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே பெரும்பாலும் பிளைவுட் இருக்கும். பிளாஸ்டிக் சுத்தியலால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் சத்தம் கணீரென்று வரும். உளுத்த இடத்தில் சட்டென்று மந்தமாகும். எஞ்சினின் அடிப்பகுதியைத் தூக்கி அழுத்தும்போது சுவர் அசைகிறதா என்று பாருங்கள். கீழே உள்ள ஒரு திருகைக் கழற்றினால் பழுப்பு நீர் கசிகிறதா? கசிந்தால் மேற்கொண்டு சந்தேகம் வேண்டாம், நடுமரத்தை மாற்றியே ஆக வேண்டும்.

அதற்கு மூன்று வழிகள் போட்டியிடுகின்றன. மரைன் பிளைவுட், அடர்த்தியான ஃபோம் பலகை, ஊற்றி நிரப்பும் கலவை. ஃபோம் பலகை உளுக்காது, எடையும் குறைவு. ஆனால் திருகைப் பிடித்து வைக்கும் வலு மரத்தளவு இல்லை, அழுத்தம் தாங்கும் அடர்த்தியைத் தேர்ந்து வாங்க வேண்டும். ஊற்றும் கலவை கேட்பதற்கு எளிது. தோல்களைப் பிரிக்காமல் மேலிருந்தே உளுத்த மரத்தைத் தோண்டி எடுத்துவிட்டு ஊற்றிவிடலாம். ஆனால் அந்தக் குறுகிய இடைவெளியின் அடிமூலையில் ஈரமரம் ஒட்டிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியாது. கலவை அதைச் சுற்றி இறுகிவிடும், பிடிப்பும் இல்லாமல் போகும். புதியவருக்கு நான் பிளைவுட்டைத்தான் சொல்வேன். அளந்து வெட்டலாம், வைத்துப் பார்க்கலாம், பொருந்தாவிட்டால் மறுபடி செதுக்கலாம். 18 மி.மீ. பலகை இரண்டை ஒட்டினால் சிறு எஞ்சின்களுக்கு வழக்கமான 38 மி.மீ. அளவை நெருங்கிவிடலாம், மீதியைத் துணி அடுக்குகள் நிரப்பும். மரைன் என்ற பெயர் அதன் பசைக்கும் உள்ளடுக்குகளின் தரத்துக்கும்தான்; அந்த மரமும் நனைந்தால் உளுக்கும்.

ஒட்டும்போது முதலில் மெல்லிய எபாக்சியைப் பலகையிலும் படகின் ஃபைபர் தோலிலும் தடவி ஊற விடுங்கள். பிறகு சிலிக்கா தூள் சேர்த்துக் கெட்டியாக்கிய எபாக்சியைப் பல்விளிம்புள்ள கரண்டியால் வரிவரியாகப் பரப்பி, விளிம்பெங்கும் பிதுங்கி வரும் வரை அழுத்துங்கள். அதற்கு மேல் முடுக்கினால் பசை முழுவதும் வெளியேறி, மூட்டு வறண்டுவிடும்.

இனி கடைசிப் பூச்சு. ஜெல்கோட் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன், பெயிண்ட் அதில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. மணலில் உரசும் படகுக்கு ஜெல்கோட் நெடுநாள் உழைக்கும், கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். ஆனால் வெயிலில் வெளுத்த பழைய நிறத்துக்கு இணையாகப் புதிய நிறத்தைக் கலப்பது கைதேர்ந்தவர்களுக்கே சிரமம். தூரிகையில் பூசினால் மேடுபள்ளமாக நிற்கும். 220 எண் உப்புத்தாளில் தொடங்கி 1000 எண் வரை தேய்த்து மெருகேற்ற வேண்டும். இரண்டு பகுதிகளைக் கலந்து பூசும் பாலியூரித்தேன் பெயிண்டை ஃபோம் உருளையால் பரப்பி, உடனே மென்மையான தூரிகையின் நுனியால் வருடிவிட்டால் தானே சமப்பட்டுக் கண்ணாடிபோல் நிற்கும். முழு உடலையும் மாற்றுபவர் பெயிண்டுக்கே போகட்டும். அதை ஸ்பிரே செய்யும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். அதிலுள்ள ஐசோசயனேட் என்ற நச்சுப்பொருளின் துளிகளுக்கு வெளியிலிருந்து காற்று செலுத்தும் கவசம் தேவை. எப்போதும் தண்ணீரிலேயே நிற்கும் படகில் நீர்மட்டத்துக்குக் கீழே இந்தப் பெயிண்ட் கொப்பளிக்கும்; அங்கே எபாக்சித் தடுப்புப் பூச்சும் அதன் மேல் பாசி தடுக்கும் பூச்சும்தான் சரி.

பழைய நடுமரத்துக்குத் தண்ணீர் வந்த வழி பெரும்பாலும் திருகுத் துளைகள்தான். புதிய மரத்தில் 8 மி.மீ. போல்ட்டுக்கு 12 மி.மீ. துளையிட்டு, கெட்டி எபாக்சியால் நிரப்பி, இறுகிய பின் நடுவில் 8 மி.மீ. துளையிடுங்கள். அப்போது போல்ட்டைச் சுற்றி மரமே இருக்காது. கழற்ற வேண்டி வரும் பொருத்துகளுக்கு பிசுபிசுப்பான ரப்பர் போன்ற பியூட்டைல் நாடா நல்லது. கழற்றவே போவதில்லை என்றால் பாலியூரித்தேன் அடைப்பான். பெயிண்ட் வேலை முடியும் வரை சிலிகோனை அருகில் கொண்டுவர வேண்டாம். அது பட்டுத் துடைத்த இடத்தில்கூடப் பெயிண்ட் விலகி விலகி நிற்கும்.